பூட்டு பத்திரமாக இருக்கிறது

உலகில் எத்தனையோ கோட்டைகள் கட்டப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த மூன்றாம் மாடி அலுவலகத்து லேப்டாப்புகளுக்கு ஈடான கோட்டையை இன்னும் யாரும் கட்டவில்லை. எதிரியை விடுங்கள், உரியவரே உள்ளே போக முடியாது. பாதுகாப்பு என்றால் அதுவல்லவா பாதுகாப்பு!

இந்தப் பெருமையை உணரும் பக்குவம் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இல்லை. கம்பெனியின் புதுச் செயலியை, லேப்டாப்புக்குள்ளேயே ஒரு நிழல் போனை ஓடவிட்டுச் சோதித்துக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நிழல் போனோ, 'விர்ச்சுவலைசேஷன் அணைக்கப்பட்டுள்ளது' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. நிழல் போன் ஓடத் தேவையான அந்த வசதியை இயக்கும் சுவிட்ச், லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் விழிக்கும் பயாஸ் செட்டிங்கில் இருந்தது. பயாஸ் பாஸ்வேர்ட் கேட்டது.

பாதுகாப்பு அதிகாரியிடம் ஓடினாள்.

"சார், பயாஸ் பாஸ்வேர்ட் வேணும். ஒரே ஒரு செட்டிங்தான் மாத்தணும்."

"அது யாருக்கும் தெரியக் கூடாதும்மா. எனக்கே தெரியாது," என்றார் அவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"அப்போ போட்டவருக்கு?"

"தெரியும். அதான் அவரை வேலையை விட்டே அனுப்பிட்டோம். தெரிஞ்ச ஆளை உள்ள வச்சுக்கறது ஆபத்தில்லையா?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு அங்கே 'முறையான வழி' இல்லாததால் மேலாளரிடம் முறையிட்டாள். உடனே அவசரக் கமிட்டிக் கூட்டம் கூடியது. அவளுடைய லேப்டாப்பில் விர்ச்சுவலைசேஷன் 'இயங்குவதாகவே கருதப்படும்' என்று ஏகமனதாகத் தீர்மானித்து, கைதட்டிக் கலைந்தார்கள். லேப்டாப்பைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. அதனால் அதற்கு விஷயம் தெரியாது.

வெள்ளிக்கிழமையும் வந்தது. நிழல் போன் கண் திறக்கவில்லை.

"கமிட்டியே ஆன் பண்ணிக் குடுத்தும் உன்னால முடியலையேம்மா," என்று மேலாளர் மனதார வருந்தினார். வேலை போயிற்று.

லேப்டாப்பை ஒப்படைக்கப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் நிமிரவில்லை. அவருடைய லேப்டாப் திரையில் ஒரு நிழல் போன். அந்தப் போனுக்குள் ஒரு விளையாட்டு. கோட்டை மதிலுக்கு மும்முரமாகக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல மட்டும் எப்படி ஓடுது?"

"இதுவா? நிஜ போன்ல விளையாடினா எழுத்து சின்னதா இருக்கும்மா, கண்ணு வலிக்குது. அதான் அந்த ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி, இதுல மட்டும் ஆன் பண்ணிட்டுப் போகச் சொன்னேன்."

அவள் தன் லேப்டாப்பை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"அப்போ பூட்டு யாருக்கு சார்?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். இதுகூடத் தெரியாத பெண்ணா என்று பரிதாபமாகப் பார்த்தார்.

"வேலை செய்யறவங்களுக்கும்மா."