வளர்கிற பிள்ளைக்கு ஒரு ரைபிள்

எங்கள் குடும்பத்தில் யாரும் தன் அளவுக்குச் சட்டை போட்டதாகச் சரித்திரம் இல்லை. என் கல்யாண ஷெர்வானிக்குள் இன்னொரு மாப்பிள்ளையும் தாராளமாக நுழைந்திருக்கலாம். போதாக்குறைக்கு, செங்கல்பட்டில் நான் நடத்துவது பள்ளிச் சீருடைக் கடை. "வளர்ற புள்ளம்மா, ரெண்டு இஞ்ச் பெருசா எடுங்க" என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வியாபார மந்திரம்.

அப்படிப்பட்டவனின் மகள் நஸ்ரின், பதின்மூன்று வயதில், ரைபிள் சுடக் கிளம்பினாள். மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு பயிற்சிக் களம். அங்கே நடக்கும் தேர்வில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அந்த ஆசையில் பிள்ளை தூக்கத்தில்கூட ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டுதான் படுத்தாள்.

தேர்வுக்கு முதல் நாள், பயிற்சியாளர் அமுதா மேடம் அவளைக் குப்புறப் படுக்க வைத்து ரைபிளை அளவு பார்த்தார். விரல் விசைக்கு எட்டுகிறதா, கன்னம் தானாகக் கட்டையில் அமர்கிறதா, கண் குறிபார்க்கும் துளைக்கு நேராக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, தோளில் ஊன்றும் பின்கட்டையிலிருந்து, நீளம் கூட்டச் செருகியிருந்த தக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டார். ரைபிள் குட்டையாகிக்கொண்டே வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த ரம்ஜானுக்குள் பிள்ளை வளர்ந்துவிடமாட்டாளா? (ரைபிள் எங்களுடையதுகூட இல்லை, கிளப்புடையது. இருந்தும் எரிந்தது.)

மறுநாள் காலை நஸ்ரின் பெயர் கொடுக்கப் போயிருந்தாள். ரைபிள் பெட்டி என் காவலில். தோட்டாவை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கு மூளையையும் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அத்தனை தக்கைகளையும் எடுத்துப் பழையபடி முடுக்கிவிட்டேன்.

கையில் வாங்கியதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அத்தா, இன்னாமோ தூரமா கீது."

"பயத்துல அப்பிடித்தான் இருக்கும். நீ போய்ப் படும்மா."

படுத்தாள். கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு சுட்டாள். ஆனால் நிதானமாகச் சுட்டாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் 'மாஷா அல்லாஹ்' சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் சுட்ட குறி அட்டை வந்தது. ஓர் ஓட்டைகூட இல்லை. கடையில் பிரிக்காத சட்டைபோல வெள்ளைவெளேரென்று இருந்தது. பிள்ளை சுட்டதை என் காதால் கேட்டேனே! தோட்டாவெல்லாம் வங்காள விரிகுடாவுக்கா போயிற்று?

போகவில்லை. பக்கத்தில் சுட்ட கல்பாக்கத்துப் பையனின் அட்டை சல்லடையாகக் கிடந்தது.

அமுதா மேடம் ரைபிளைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதுல யார் கை வெச்சது?"

"நான்தான் மேடம்." பெருமையாக வேறு சொன்னேன். "வளர்ற புள்ள..."

"எப்ப வளர்ந்து முடிப்பா சார்? இந்தத் தேர்வு முடியறதுக்குள்ளயா?"

கட்டை நீளமானதால் பிள்ளையின் தோள் பின்னுக்குப் போய், உடம்பே லேசாகத் திரும்பிவிட்டதாம். துளை வழியே தெரிந்தது பக்கத்து அட்டையின் வட்டம். வட்டத்தில் பெயரா எழுதியிருக்கிறது?

அடுத்த அதிர்ச்சிதான் என்னை நாற்காலியில் சாய்த்தது. எந்த ஓட்டை யாருடையது என்று பிரிக்க முடியாவிட்டால், நல்ல ஓட்டைகளை அட்டைக்காரனுக்கே எழுதுவது விதியாம். நடுவில் கும்பலாக விழுந்திருந்தவை அத்தனையும் என் மகளுடையவை என்று மேடம் அடித்துச் சொன்னார். அந்தப் பையன் மாநிலப் போட்டிக்குப் போனான். என் மகள் என்னோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுதிருந்தால் தேவலை. செங்கல்பட்டில் இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "சட்டைன்னா கைய மடிச்சி உட்டுக்கலாம் அத்தா. இத எங்க மடிக்கிறது?"

அந்த வாரமே கல்பாக்கத்திலிருந்து ஒரு டப்பா மைசூர்பாகு வந்தது. யாரும் தொடவில்லை. (நான் தொட்டேன்.)

மறு வருடம் நஸ்ரின் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போனாள். அன்று என்னைக் களத்தின் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டார்கள். மேடத்தின் நிபந்தனை அது. இப்போது கல்லூரி லீவில் வந்தால் கடையில் உட்காருகிறாள். யாராவது ஒரு அம்மா, "வளர்ற புள்ள, ரெண்டு இஞ்ச் பெருசா குடுங்க பாய்" என்று கேட்டால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்:

"குடுங்க அத்தா. பக்கத்து வூட்டுப் புள்ள பாஸாவட்டும்!"