கோட் அண்ணை வெட்டாமல் விட்ட கை

பாரிஸில் செத்துப்போன யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வந்தால் ரூ காய் என்ற தெருவின் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல்களை ஒருக்கா வரிசையாகப் பாருங்கள். கருநீலக் கோட், சிவப்பு டை, பொக்கற்றில் ஒரு பேனை. கழுத்துக்கு மேலேதான் ஆள் மாறும். கழுத்துக்குக் கீழே எல்லாரும் ஒருவர்தான்.

இந்த வேலையைச் செய்தவர் கோட் அண்ணை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை. போன் திருத்தும் கடை ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரின்டர், கால் ஆடும் கதிரை ஒன்று. அவ்வளவுதான் அவருடைய ராச்சியம். கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டு அல்பம், பிறந்தநாள் பனர் எல்லாம் அடிப்பார். ஆனால் பெயர் எடுத்தது செத்தவீட்டு நோட்டீஸில்தான்.

நான் எதிர்க் கடையில் மரக்கறி அடுக்குகிறவள். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினதே அவர் அடித்த நோட்டீஸ்களில்தான். மற்றப் பிள்ளைகள் ‘அணில்’, ‘ஆடு’ என்று தொடங்குவார்கள். நான் ‘அகாலமரணம்’, ‘ஆழ்ந்த அனுதாபம்’ என்று தொடங்கினேன்.

கோட் ஏன் தேவைப்பட்டது தெரியுமா? எங்கள் ஆம்பிளைகளிடம் மரியாதையான படம் இராது. சமையலறை ஏப்ரனோடு ஒன்று, இடுப்பில் கட்டின சாரத்தோடு ஒன்று, யாரோ கலியாணத்தில் பந்தியில் வாய் நிறையச் சோறோடு ஒன்று. செத்தவீட்டுக்காரர் அழுதழுது வந்து, “கொஞ்சம் மதிப்பாப் போட்டுவிடுங்கோ அண்ணை” என்பார்கள். இவர் தலையை வெட்டிக் கோட்டுக்கு மேலே வைப்பார்.

ஒரு நாள் எங்கள் கடையில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் சந்தித்தார்கள். இரண்டு பேரும் ஒரே கிழமையில் புருசனைப் பறிகொடுத்தவர்கள்.

“உங்கடை அவற்றை கோட் நல்ல வடிவாக் கிடந்தது. எங்கை வாங்கினவர்?”

“ஆர், எங்கடை மனிசனோ? அவர் சேட்டுக்கே ஒழுங்காப் பட்டன் பூட்டமாட்டார். உங்கடை அவருக்கும் அதே கோட்டெல்லே!”

“அப்ப ரெண்டு பேரும் ஒரே கடையிலைதான் எடுத்திருக்கினம்.”

“ஓம், உந்தா எதிரை இருக்கிற கடை.”

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், கடைசியில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

வெயில் அடித்தால் கோட் அண்ணை ஆபத்தானவர். கையில் போனோடு வாசலுக்கு வந்துவிடுவார். வயது போனவர்கள் யாராவது வந்தால் மறிப்பார். “அண்ணை, ஒரு நிமிசம்! இப்பிடித் திரும்புங்கோ. நல்ல வெளிச்சம். பிறகு தேவைப்படும்.”

“என்னத்துக்கடா தேவைப்படும்?”

“இல்லை, சும்மா… எப்பெண்டாலும்.”

ஒருவர் அப்போதுதான் வாங்கின லீக்ஸ் கட்டால் அடித்து அடித்து அவரை மெத்ரோ வாசல் வரைக்கும் கலைத்தார். அதற்குப் பிறகு வெயில் நாட்களில் எங்கள் தெருக் கிழவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்கத்தால்தான் நடந்தார்கள்.

அவரிடம் இன்னொரு விசர் இருந்தது. எங்கள் வழக்கத்தில் செத்தவர் படத்தோடு உயிரோடு இருப்பவர் படம் வரக்கூடாது. அதனால் கோட் தேவைப்படாத நல்ல படம், ஆனால் சோடியாக எடுத்தது என்றால் மனைவியை வெட்டிவிட வேண்டும். மனைவியை வெட்டினாலும் தோளில் கிடக்கும் கை மிஞ்சும். வளையல் போட்ட விரல்கள். அதையும் கவனமாக வெட்டுவார். வெட்டினதை அழிக்கமாட்டார். கொம்பியூட்டரில் ‘கைகள்’ என்று ஒரு பெட்டி வைத்து, அதற்குள் போட்டு வைப்பார்.

“இதை ஏன் அண்ணை சேர்த்து வச்சிருக்கிறியள்?”

“எறிய ஏலாமக் கிடக்கு பிள்ளை. மனிசியின்ரை கையெல்லே.”

இப்படி இருந்தவரைக் கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் இழுத்துக்கொண்டு போய், சுற்றுலாக்காரர் எல்லாம் வரிசையில் நிற்கும் பெரிய மியூசே, அதுதான் நூதனசாலை, அதற்குள் விட்டார். மச்சான் புகழ்பெற்ற படங்களைத் தேடிப் போனார். இவர் வழிதவறிப் பழைய காலத்துச் செத்தவர்கள் பக்கம் போய்விட்டார். அடுத்த நாள் காலை எங்கள் கடைக்குள் ஓடி வந்தார்.

“பிள்ளை! நான் கண்டிட்டன்!”

“ஆரை அண்ணை?”

“செத்தவை ரெண்டு பேரை! சிரிச்சுக்கொண்டிருக்கினம்!”

எங்கள் முதலாளி கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே போட்டார்.

இத்தாலியில் ரோமன்காரருக்கு முதல் எத்ருஸ்கர் என்று ஒரு சனம் இருந்ததாம். சாம்பல் வைக்கிற பெட்டிக்கு மேலே புருசனையும் மனைவியையும் களிமண்ணில் செய்து வைத்திருக்கிறார்களாம். “கட்டில்லை சாய்ஞ்சு படுத்திருக்கினம் பிள்ளை, விருந்துக்கு வந்த மாதிரி! மனிசி கூர்ச் சப்பாத்தோடை, மனிசன் வெறுங்கால்! அவற்றை கை அவவின்ரை தோளிலை! ரெண்டாயிரத்தைஞ்ஞூறு வருசம்! ஒருத்தரும் அந்தக் கையை வெட்டேல்லை!”

பிறகு ரோமன்காரருக்கு வந்தார். அவர்களைச் சொல்லும்போது இன்னும் துள்ளினார். “அவங்கள் எங்கடை ஆக்கள் பிள்ளை! புருசனும் மனிசியும் கை குடுத்துக்கொண்டுதான் நிக்கினம். ஆனா முகம் பாக்கோணும், காணி எழுதிக் குடுக்கிற மாதிரி! சனம் பாக்குமெல்லே, அதுக்குத்தான் அந்த முகம். இன்னொண்டு கேள். உடம்பை முதலே செதுக்கி வச்சிடுவாங்கள். ஆள் ஆரெண்டு தெரிஞ்சாப் பிறகுதான் முகம். ஒரு கல்லுப் பெட்டியிலை ஒரு பொம்பிளை படுத்திருக்கிறா, முகமே இல்லை, மொட்டைக் கல்லு! அது என்ரை தொழில்! அவங்களும் கோட் வச்சிருந்தவங்கள்!”

அன்றைக்கே அந்த எத்ருஸ்கச் சோடியின் படத்தைப் பெரிதாக அடித்துக் கண்ணாடியில் மரண அறிவித்தல்களுக்கு நடுவில் ஒட்டினார். ஒரு ஐயா தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்.

“ஐயோ, ரெண்டு பேரும் ஒண்டாவே? எந்த ஊர்?”

“இத்தாலிப் பக்கம் ஐயா.”

“அக்சிடென்ட்தான் போலை. எப்ப எடுக்கினம்?”

போன மாசி மாதம் என் அப்பா செத்துப்போனார். விடிய வேலைக்குப் போகச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ரெஸ்தோறன்ட் ஒன்றில் இருபது வருசம் கோப்பை கழுவினவர். பாரிஸுக்கு வெளியே இருக்கும் பொண்டியிலிருந்து சித்தப்பா வந்து எல்லா அலுவலும் பார்த்தார். நோட்டீஸும் அவர்தான் கொடுத்தார்.

இரண்டாம் நாள் ரூ காயில் நடந்து போகிறேன். கண்ணாடியில் புதிய நோட்டீஸ். பாவம், ஆரோ என்று தாண்டிவிட்டேன். நாலடி போனபிறகுதான் கால் நின்றது. திரும்பி வந்து பார்த்தேன். கருநீலக் கோட். சிவப்பு டை. அதற்கு மேலே என் அப்பா.

நேரே உள்ளே போய்க் கத்தினேன். “என்ரை அப்பாக்கு ஏன் கோட் போட்டனியள்? அவர் ஒருநாளும் போட்டதில்லை!”

“சித்தப்பா சொன்னவர் பிள்ளை.”

“இது ஆற்றை உடம்பு? ஆற்றை?”

கோட் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். “என்ரைதான். அகதிக் கேஸ் விசாரணைக்குப் போகேக்கை இரவல் வாங்கிப் போட்டுப் படம் எடுத்தனான். அந்த ஒரு நாள்தான் போட்டது. வேறை கோட் என்னட்டை இல்லை.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு அடைத்துவிட்டது. அவர் சித்தப்பா அனுப்பின முழுப் படத்தையும் திறந்து காட்டினார். லா கூர்னெவ்வில் எங்கள் வீட்டுச் செற்றி, இரண்டு பேர் சாய்ந்திருக்கிற மெத்தைக் கதிரை. அப்பா சாரத்தோடு, காலைத் தூக்கி ஸ்டூலில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து சிரிக்கிறார். அம்மாவின் தோளில் அவருடைய கை. நான்தான் எடுத்த படம். திங்கட்கிழமை அப்பாவுக்கு லீவு. இரண்டு பேரும் இப்படி இருந்துதான் நாடகம் பார்ப்பார்கள். வெளியில் போனால் அப்பா அம்மாவுக்குப் பத்தடி முன்னால் நடப்பார். ரூ காயில் அவர்கள் புருசன் மனைவி என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

கோட் அண்ணை ‘கைகள்’ பெட்டியைத் திறந்தார். அத்தனை வளையல் கைகளுக்குள்ளும் ஒரே ஒரு ஆம்பிளைக் கை. சவர்க்காரத் தண்ணியில் வெளிறின விரல்கள்.

“அவசரத்திலை வெட்டிப்போட்டன் பிள்ளை. கல்வெட்டுக்கு வெட்டமாட்டன். நீங்கள் வேறை ஆளைப் பாத்தாலும் பரவாயில்லை.”

முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். அதன் மட்டையில் செற்றிப் படம் முழுதாக வர வேண்டும் என்று கோட் அண்ணை நின்றார். சித்தப்பா போனில் வெடித்தார்.

“விசரே உமக்கு? உயிரோடை இருக்கிற மனிசியைச் செத்தவீட்டுப் புத்தகத்திலை போடுறதோ? அதுவும் அண்ணை சாரத்தோடை! நாலு சனம் பாக்கிறேல்லையே?”

எனக்கு அந்தப் படம் வேண்டும் போல இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியது அம்மா. அம்மா செத்தவீட்டுக்குப் பிறகு செற்றியில் இருக்கவே இல்லை. நிலத்தில்தான் படுப்பா. ஒருவரோடும் கதையில்லை. கோட் அண்ணை வீட்டுக்கு வந்து கேட்டபோது, “என்னை வெட்டிவிடுங்கோ தம்பி” என்று மட்டும் சொன்னா.

“வெட்டுறன் அக்கா. ஆனா ஒருக்கா என்னோடை வந்து அவையைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ.”

சித்தப்பா மறுபடியும் போனில் வெடித்தார். “செத்தவீட்டுத் துடக்கோடை மியூசேக்கோ?”

“கோயிலுக்கெல்லே போகக்கூடாது? அங்கை இருக்கிறவை முழுப்பேரும் செத்த ஆக்கள். அவைக்கு என்ன துடக்கு?” என்று கேட்டார் கோட் அண்ணை.

சித்தப்பா போனை வைத்துவிட்டார்.

மியூசேக்குள் கோட் அண்ணை முன்னால் ஓடினார். நாங்கள் பின்னால். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்கள் இருந்தார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மனைவி முன்னால், புருசன் பின்னால், தோளில் கை, இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. கோட் அண்ணை சந்தோசத்தில் கண்ணாடியிலேயே தட்டிவிட்டார்.

“மெஸ்யே! தொடாதீங்க!”

தமிழில் அதட்டல் விழுந்ததும் மூன்று பேரும் துள்ளிவிட்டோம். காவலுக்கு இருந்த மதாம், பாண்டிச்சேரிக்காரி. எங்கள் கதை முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறா.

அம்மா ஒன்றையும் கவனிக்கவில்லை. அந்தச் சோடியையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு சொன்னா: “நாடகம் பாக்கிற மாதிரி இருக்கினம்.”

பத்துப் பன்னிரண்டு நாளில் அம்மா சொன்ன மிக நீளமான வசனம் அது.

“இவ எப்ப செத்தவ? அவரோடையோ?”

கோட் அண்ணை மதாமைப் பார்த்தார். “இவங்களைப் பத்தித் தெரியாதும்மா,” என்றா மதாம். “ஆனா ரோமன்காரங்ககிட்ட ஒரு பழக்கம் இருந்திச்சு. வாங்க, காட்டறேன்.” அடுத்த மண்டபத்தில் ஒரு கல்லறைக் கல். இறுகின முகத்தோடு ஒரு புருசனும் மனைவியும். கீழே பெயர்கள். “இந்தம்மா பேருக்குப் பக்கத்துல ‘வே’ன்னு ஒரு எழுத்து, இங்கிலீஷ்ல ‘V’, இருக்கு பாருங்க. உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம். புருசன் போனதும் கல்லு செஞ்சிருக்காங்க. அந்தம்மாவையும் அப்பவே சேத்து வெச்சுட்டாங்க. யாரும் தப்பா நினைக்கல.”

அம்மா அந்த எழுத்தைக் கனநேரம் பார்த்தா. கல்லில் சின்னதாய், கூராய், தனியாய் இருந்தது.

“அப்ப எனக்கும் ஒண்டு போட்டுவிடுங்கோ தம்பி.”

கோட் அண்ணை கத்தின கத்தலில் ஜப்பான்காரக் கூட்டம் ஒன்று திரும்பிப் பார்த்தது. “மெஸ்யே!” என்றா மதாம், சிரித்துக்கொண்டு.

முப்பத்தோராம் நாள், மண்டபத்தில் நூற்றைம்பது பேர். கல்வெட்டின் மட்டையில் செற்றி, சாரம், ஸ்டூலில் கால், தோளில் கை. அப்பாவுக்குக் கீழே பிறந்த நாளும் இறந்த நாளும். அம்மாவுக்குக் கீழே ஒரே ஒரு சொல்: இருக்கிறார்.

சித்தப்பா கல்வெட்டுகள் வந்த கார்ட்போர்ட் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, அதற்கு மேலேயே இருந்துகொண்டார். அம்மா போய், “எழும்பு தம்பி,” என்று சொல்லிப் பெட்டியை எடுத்தா. தானே கொண்டுபோய்க் கதிரை கதிரையாகக் கொடுத்தா. சனம் வாங்கிப் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. ஒரு அன்ரி பொறுக்கமாட்டாமல் கேட்டா.

“என்னக்கா இது, உயிரோடை இருக்கேக்கை…”

“ஓம், உயிரோடைதான் இருக்கிறன்,” என்றா அம்மா. “அவர் வீட்டிலை இப்பிடித்தான் என்னோடை இருந்தவர். வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது. தெரியட்டும் எண்டுதான் போட்டனாங்கள். சோறு ஆறுது, வாங்கோ சாப்பிட.”

பின்வரிசையிலிருந்து பெரிய ஒப்பாரி ஒன்று எழுந்தது. சொந்தக்காரர் ஒருவரும் அழாத அழுகை. கோட் அண்ணை வெறும் கார்ட்போர்ட் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அப்பாவோடு வேலை செய்த மாலி நாட்டுச் சமையல்காரர் எனக்குப் பக்கத்தில் நின்றார். “அது யார், உன் தொந்தோனா?” என்று பிரெஞ்சில் கேட்டார். தொந்தோன் என்றால் சித்தப்பாவும்தான், பெரியப்பாவும்தான், மாமாவும்தான். எனக்கு இருக்கிற ஒரே சித்தப்பா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றேன்.