தாத்தாவின் துப்பாக்கிக்கு நான் செய்த தோட்டா

பெண் பார்க்கப் போன வீட்டில் எதைக் கேட்டாலும் மனிதன் "தெரியும்" என்றுதான் சொல்வான். நீச்சல் தெரியுமா? தெரியும். ரேடியோ ரிப்பேர்? தெரியும். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே வராது, குழந்தைகளே. கையில் பஜ்ஜித் தட்டு இருக்கும்போது மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

எழுபதுகளின் கடைசியில் நான் தலைநகரில், கரோல் பாக்கில் ஒரு மாடி அறையில் இருந்தேன். சர்க்கார் கிளார்க். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர். (ஹயரும் எழுதினேன். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.) உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கக் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அம்மாவைப் பார்த்தது அரை நிமிஷம். மீதி நேரமெல்லாம் உங்கள் தாத்தா தம் பழைய கைத்துப்பாக்கியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பட்டாளத்தில் இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கிளம்புகையில் கொடுத்ததாம். லைசென்ஸ் உண்டு, தோட்டா இல்லை. அந்த ரகத் தோட்டா செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். சுட்டு முடித்த சில பித்தளைக் கூடுகளை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

"பொங்கலுக்குக் காலனியில விளையாட்டுப் போட்டி தம்பி. ஓட்டப் பந்தயத்தை இதால சுட்டு ஆரம்பிக்கணும்னு ஆசை. குண்டு வேணாம், சத்தம் வந்தாப் போதும். இந்தக் கூட்டுல மறுபடி மருந்து போடத் தெரியுமா?"

"தெரியும் சார்." (பஜ்ஜி இன்னும் கையில்தான் இருந்தது.)

"அச்சா! அப்ப போட்டி முடியட்டும். கல்யாணப் பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம்."

ஆக, தோட்டா வெடித்தால் எனக்குக் கல்யாணம்.

எங்கள் ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளியிடம் கெஞ்சி ஒரு தோட்டாவைப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், சரியாக நடுவில், பொட்டு வைத்த மாதிரி ஒரு வட்டம். விசையை இழுத்ததும் துப்பாக்கிக்குள் இருக்கும் சுத்தி அதில் அடித்தால்தான் மருந்து பற்றும் என்றார். என் படிப்பு அத்தோடு முடிந்தது.

தாத்தா கொடுத்த கூட்டின் ஓரம் நசுங்கியிருந்தது. யாரோ கீழே போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் தட்டிச் சரிசெய்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பிறகு நிரப்பினேன். எதை, எப்படி நிரப்பினேன் என்று எழுத மாட்டேன். (நீங்கள் யார் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும்.) நடுவில் நானும் அழகாக ஒரு பொட்டு வைத்தேன்.

பொங்கலன்று மைதானம் முழுக்கப் பனிமூட்டம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தாத்தா மெடலெல்லாம் குத்திக்கொண்டு, குரங்குக் குல்லாவோடு வந்து, துப்பாக்கியை வானத்துக்கு உயர்த்தினார். "ரெடி!"

டிக்.

பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். அவர்களைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினோம். "ரெடி!"

டிக்.

இந்தத் தடவை யாரும் ஓடவில்லை. ரொம்பக் குனிந்து நின்ற பையன் ஒருவன் மட்டும் குப்புற விழுந்தான். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், "பாயி சாப், பந்தூக் கோ பீ ஜுகாம் ஹோ கயா?" என்று கேட்டாள். துப்பாக்கிக்கும் ஜலதோஷமாம். மைதானமே சிரித்தது.

தாத்தா தோட்டாவை வெளியே எடுத்தார். நான் வைத்த பொட்டு நடுவில் அலுங்காமல் இருந்தது. சுத்தி அடித்த தடம் இரண்டும் ஓரத்தில் இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்து ரகத்தில் பற்றவைக்கும் மருந்து சுற்று விளிம்புக்குள் இருக்கும், சுத்தியும் விளிம்பில்தான் அடிக்கும். நான் தட்டிச் சரிசெய்த நசுங்கல், போன தடவை சுட்ட தடம்!

"என்ன தம்பி இது?"

"நடுவுல வெச்சேன் சார்."

"நடுவுல வைக்க இது என்ன நெத்தியா?"

அதற்குள் உங்கள் அம்மா பொங்கல் பானைப் பக்கத்திலிருந்து தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து வந்து, ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பிள்ளைகள் பறந்தார்கள்.

தாத்தா பந்தயத்தைப் பார்க்கவே இல்லை. "ஒரு தோட்டா உருப்படியாச் செய்யத் தெரியல. இந்தப் பையன் வேணாம்மா," என்றார், என் காதுபடவே.

"அப்பா, இவர் உள்ள என்னத்தைப் போட்டாரோ! அது வெடிச்சிருந்தா உங்க கை இருக்குமா? வெடிக்காம செஞ்சாரே, அதுக்காகவே இவரைக் கட்டிக்கலாம்."

தாத்தா தம் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். தோட்டாவை ஒரு வாளித் தண்ணீருக்குள் போட்டார். பிறகு மெதுவாக, "அச்சா," என்றார்.

மாசியில் கல்யாணம். அன்றிலிருந்து யார் வந்தாலும் தாத்தா என்னை, "இவர் எங்க டிக் மாப்பிள்ளை" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். உங்கள் அம்மா அவ்வளவு நீட்டுவதில்லை. ரேஷன் கடையிலிருந்து ஏன் சர்க்கரை இல்லாமல் வந்தேன் என்று நான் விளக்கத் தொடங்கினால், கல் பொறுக்கும் அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "டிக்" என்கிறாள். நான் நிறுத்திவிடுகிறேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள்.