மாப்பிள்ளைக்கு ஜிங்க் கம்மி

உலகத்தில் நடக்கிற சண்டை, விவாகரத்து, வழுக்கை, கணக்குப் பரீட்சையில் பெயில் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் மண்ணில் துத்தநாகம் குறைந்து போனதுதான் என்று நம்பிய மனிதர் பூமியிலேயே ஒருவர்தான். கள்ளக்குறிச்சியில் அவருடைய உரக்கடைக்கு மேல்மாடியில்தான் நான் குடியிருந்தேன். துத்தநாகத்துக்குக் கடைத்தெருவில் ஜிங்க் என்று பேர். அதனால் அவர் ஜிங்க் பாய். அசல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

விவசாயிகள் வாடின இலையைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள். பாய் இலையை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் கொண்டுவந்தவர் கையைப் பிடித்து நகத்தைப் பார்ப்பார்.

"நெலத்துல ஜிங்க் கம்மி. அந்த நெலத்து அரிசியத்தானே துன்ற? ஒனக்கும் கம்மி."

வயலுக்கு ஒரு பை ஜிங்க் சல்பேட். ஆளுக்கு எள்ளும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற சாமையும்.

ஒருநாள் மூங்கில்துறைப்பட்டுக் கரும்புக்காரர் வந்தார்.

"பாய், யூரியா ரெண்டு மூட்டை."

"தரமாட்டேன். ஒன் கரும்பு நிக்க முடியாம சாஞ்சுக்கினு இருக்குது. இன்னும் தீனியா?"

"கடை வெச்சிருக்கிறதே விக்கத்தானே?"

"டாக்டர்கூடத்தான் ஊசி வெச்சிருக்காரு. போறவன் வர்றவனையெல்லாம் குத்துறாரா?"

"எங்க ஊரு டாக்டர் குத்துவாரு பாய்."

டீயும் பரோட்டாவுமாக வாழ்ந்த என்னையும் அவர் விடவில்லை. தலையைப் பார்த்து, "இன்னா தம்பி, முன்பக்கம் தரிசாயிக்கினே போவுது?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் களமருதூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பதற்றத்தில் சட்னி என்று நினைத்துப் பஜ்ஜியைத் தண்ணீர் டம்ளரில் தோய்த்துவிட்டேன். பார்த்தது அவள் மட்டும்தான். காட்டிக்கொடுக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு டம்ளரை மாற்றி வைத்தாள். அந்த ஒரு டம்ளருக்காகவே ஆயுசு முழுக்க அவளோடு இருந்துவிடலாம் என்று தோன்றியது.

மாப்பிள்ளை எப்படி என்று பெண்வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் இல்லையா? அவள் அப்பா நெல் விவசாயி. நேராக வந்து நின்ற இடம் உரக்கடை. நான் மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"மேல இருக்கிற பையன் எப்பிடிங்க பாய்?"

"கொணம் தங்கம்ங்க. குடி, சீட்டு ஒண்ணும் கெடையாது."

படியிலேயே நான் மனதுக்குள் தாலி கட்டி முடித்துவிட்டேன்.

"ஆனா ஜிங்க் கம்மி. இரும்பும் கம்மி. நகத்தப் பாத்தாலே தெரியும்."

"அய்யய்யோ, வியாதிங்களா?"

"இப்ப இல்ல. இப்பிடியே துன்னுக்கினு இருந்தா வரும்."

மறுநாளே தரகர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். நான் பாயிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஆடிப்போய்விட்டார். மொபெட்டின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு களமருதூருக்கே ஓட்டினார்.

"கம்மின்னுதான் சொன்னேன், கெட்டுப்போச்சுன்னு சொல்லலியே! ஒங்க வயல்லயும்தான் ஜிங்க் கம்மி. வயல வித்துட்டீங்களா?"

"வயலுக்கு நான் பொண்ணு குடுக்கலீங்களே பாய்!"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அவளுடையதுதான். கடைசியில் அவள் அப்பா, "அறுப்பு முடியட்டும், பாக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து நான் பாயின் பயிர். அவர் வீட்டுக் கேரியரில் சாமைச்சோறு, கீரை, எள்ளுருண்டை, வெள்ளிக்கிழமையானால் ஈரல். எனக்குக் கன்னத்தில் சதை வைத்தது. நகம் சிவந்தது. தரிசில்கூட ஏதோ முளைத்த மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனால் தெரியும்.

அறுப்பு முடிந்தது. அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று சேதி வந்தது.

முட்டிவலிக்காக மாடிப்படியே மிதிக்காத பாய், அன்று ஏறி வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாம் என் வாயால வந்தது தம்பி. ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

"நீங்களா?" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். பாதியில் என் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. "அழுதுடு" என்று தோளைக் கொடுத்தார். அவர் சட்டையெல்லாம் உரக்கடை வாடை.

இனிமேல் என்னைத் தேற்றி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் மறுநாள் கேரியர் வந்தது. நான் மாற்றலாகிப் போகும்வரைக்கும் வந்தது.

இப்போது எனக்கு வேறு ஊர். பாய் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாராம். களமருதூர்ப் பெண்ணின் முகம்கூட மங்கிவிட்டது. ஆனால் எந்த ஊரில் உரக்கடையைக் கண்டாலும், வாங்க ஒன்றுமில்லாமல், அந்த வாசலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.