கொள்ளாம் என்று சொன்ன வாய்

என் வாழ்நாளில் ஒரே ஒரு குரலைத் தீர்த்துக்கட்டியிருக்கிறேன். அதுவும் திட்டி அல்ல, பாராட்டி. எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. நானும் கூடவே சிரிப்பேன், வேறு என்ன செய்ய?

பேசும்படம் புதிதாக வந்திருந்த காலம் அது. படத்தின் பாட்டுகளை இசைத்தட்டாகவும் விற்பார்கள். நடிக்கிறவருக்கு முகம் வாய்த்தால் குரல் வாய்க்காது என்பதால், தட்டுக்குப் பாட வேறு ஆளைப் பிடிப்பார்கள். அப்படி ஒரு படத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த ராஜா புலம்பும் பாட்டுக்கு என் அண்ணன் சிவதாணுவைக் கேட்டு மெட்ராஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் நாடகத்தில் ராஜபார்ட். அவன் புலம்பினால் டிக்கெட் கிழிக்கிறவன்கூட அழுவான்.

கடிதம் வந்த நேரம் அண்ணன் தொண்டையில் கட்டி. அறுத்தால் உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அண்ணன் பத்து நாள் தவணை கேட்டான். அவன் மனைவி, எங்கள் மைனிக்கு, அப்போது ஏழாம் மாசம்.

"பிறக்கப்போற பிள்ளை எனக்க சத்தத்தக் கேக்காண்டாமா மக்கா? ஒத்தப் பாட்டு போரும்" என்றான் என்னிடம்.

அவனால் மெட்ராஸ் போக முடியாது. படத்தின் மற்ற ஐந்து பாட்டும் மற்றவர்கள் பாடி முடிந்துவிட்டதால் கம்பெனி மெஷினையே இங்கே அனுப்பச் சம்மதித்தது. வாத்தியக்காரர்களைச் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. எனக்கு இருபத்தாறு வயது, ஆர்மோனியம் வாசிப்பேன், தலைக்கனம் வேறு. கோட்டாற்றில் கொப்பரை அடுக்கி வைக்கும் கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்ததைப் பிடித்து, எதிரொலி வராமல் சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டேன். அன்றைக்குப் பட்டு ஜிப்பா போட்டு, தலையில் எண்ணெய் வழியப் போனேன். (தட்டில் முகம் விழாது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.)

வந்த இன்ஜினியர் மெட்ராஸ்காரர், சிடுமூஞ்சி. மெஷினோடு பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் அறையில் ஒரே ஒரு மைக். ஆரம்பிக்குமுன் என்னைக் கூப்பிட்டார்.

"இதோ பாரும் ஓய். பாட்டு மெழுகுத்தட்டுல விழும். அதைப் போட்டுக் கேட்டா தடம் அழிஞ்சிடும். அதனால பாட்டு முடிஞ்சதும் நீர்தான் மைக்குல சொல்லணும். 'சரி'ன்னா தட்டைப் பெட்டியில வெச்சுடுவேன். 'வேண்டாம்'னா மழிச்சு வழவழப்பாக்கிட்டு மறுபடி எடுப்பேன். ரெண்டே வார்த்தை. புரிஞ்சுதா?"

"அது புரியாதா?" என்றேன் அலட்சியமாக.

சிவப்பு விளக்கு எரிந்தது. கிளாரினெட் சத்தம் அதிகம் என்று கிளாரினெட்காரரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். அங்கே ஒரு ஆடு வந்து அவர் வேட்டியை மெல்ல ஆரம்பித்தது. மனிதர் ஒரு ஸ்வரம் தவறவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்போது அண்ணன் எடுத்தான் பாருங்கள், சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ராஜாவுக்காக அவன் அழவில்லை. போகப்போகிற தன் குரலுக்காக அழுதான். மூன்று நிமிஷம். கட்டியோ கமறலோ எதுவும் குறுக்கே வரவில்லை. தபலாக்காரர் கடைசி அடிக்கு அப்புறம் கையை எடுக்கவே மறந்துபோனார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

"கொள்ளாம்! கொள்ளாம்! கொள்ளாம்!"

எங்கள் பக்கத்தில் இதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது. குழம்பு ருசித்தாலும் கொள்ளாம், மாப்பிள்ளை பிடித்தாலும் கொள்ளாம். ஆனால் மெட்ராஸ்காரர் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர். அவருக்கு அது 'ஏற்றுக்கொள்ள மாட்டோம்.' அதையும் ஒரு முறைக்கு மூன்று முறை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் தட்டு, புதுச் சோப்புக் கட்டி மாதிரி பளபளவென்று இருந்தது.

"மழிச்சாச்சு. எனக்கென்னமோ நன்னாத்தான் இருந்தது. நீர்தான் அப்படிக் கத்தினீர். மறுபடி பாடச் சொல்லும்."

"மழிச்சாச்சா? நான் கொள்ளாம்னுலா சொன்னேன்!"

"அதான் ஓய், கொள்ளாம்னா வேண்டாம்னுதானே அர்த்தம்?"

வெளியே கிளாரினெட்காரர் ஆட்டைத் துரத்தும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செரி, வாசிங்கடே. இன்னொருக்க பாடலாம்" என்றான்.

வாசித்தோம். வாயைத் திறந்தான், வெறும் காற்று வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தான், இருமல் வந்தது. துண்டை வாயில் பொத்தி எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

இன்ஜினியர் அன்றே ரயிலைப் பிடிக்க வேண்டும், பாட்டில்லாமல் போக முடியாது. அண்ணன் விரலை நீட்டி என்னைக் காட்டினான். நான் பாடினேன். அழுகையும் பயமுமாக, வண்டிமாடு முக்குவதுபோலப் பாடினேன். முடித்ததும், ஒழுங்குப் பிள்ளையாக, "சரி" என்றேன்.

மறுநாள் நெய்யூரில் அறுத்தார்கள். டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. உயிர் நின்றது, குரல் போயிற்று. மைனி பெண்பிள்ளை பெற்றாள். அண்ணன் சிலேட்டும் பலப்பமுமாக ஆனான்.

ஆறாம் மாதம் தட்டு வந்தது. உறையில் அண்ணன் பெயர், உள்ளே என் முக்கல். வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து அண்ணன்தான் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தான். கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டான். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். முடிந்ததும் சிலேட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதி என் பக்கம் திருப்பினான். 'கொள்ளாம்.' மைனிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. மீன்குழம்பு கொள்ளாம் என்றால், "எந்தக் கொள்ளாம்? நம்ம ஊரா, மெட்ராஸா?" என்று கேள்வி வரும். அண்ணன் எழுதியது எந்தக் கொள்ளாம் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

அண்ணன் மகள் போன மாதம் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அப்பாக்க சத்தம் எப்பிடி இருந்துச்சு சித்தப்பா?"

"கொள்ளாம் மக்கா" என்றேன்.

"நம்ம ஊரா, மெட்ராஸா?" என்று சிரித்தாள்.

எதிரே அண்ணன் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம ஊருதான்" என்றேன்.