இரண்டு வயலுக்கு நடுவில் ஒரு ஹாஜியார்

எங்கள் பக்கம் யானையைப் போலவே பெருகிவரும் இன்னோர் இனம் உண்டு. அதற்கு இடையாள் என்று பெயர். இரண்டு பேருக்குள் ஒரு பிணக்கு என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடாமலே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு பிளேன்டியும் குடித்து, "நீங்க கதைக்காதீங்க, கோவத்தில வார்த்த கூடிரும், நான் கதைச்சுப் பார்க்கிறன்" என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிடும்.

பஸால் ஹாஜியார் அந்த இனத்தில் அசல். பொய் சொல்ல மாட்டார், ஹஜ் செய்தவர். சொன்னதைக் கொஞ்சம் விளங்கப்படுத்துவார், அவ்வளவுதான்.

சென்ற சிறுபோகத்தில் வாய்க்கால் வற்றிவிட்டது. மேலே முகைதீன்பாவாவின் வயல், கீழே, பக்கத்துத் தமிழ் ஊரான சொறிக்கல்முனை வினோஜின் வயல். இரண்டிலும் நெல், கதிர் உள்ளே உருவாகும் குடலைப் பருவம். அப்போது தண்ணீர் தவறினால் மணி பிடிக்காமல் வெறும் சப்பிதான் மிஞ்சும். "முகைதீன்பாவா காக்காட்டக் கேட்டுப் பாருங்க ஹாஜியார், ரெண்டு நாளைக்கு விட்டா என்ட பயிர் தப்பும்" என்றான் வினோஜ். அது முகைதீன்பாவாவிடம் வந்து சேர்ந்த விதம்: "தண்ணிய விடட்டாம். விடாட்டி வெட்டி எடுக்கத் தெரியுமாம்."

முகைதீன்பாவா, "என்ட வயலுக்கே காணா, நாலு நாள் பொறுக்கச் சொல்லுங்க" என்றார். சொறிக்கல்முனையில் அது, "உங்கட ஆக்களுக்குத் தரேலாதாம்" என்று இறங்கியது.

அப்படியா சொன்னார்? கேட்டால், "அவர்ர முகத்தில தெரிஞ்ச" என்பார் ஹாஜியார்.

எட்டு நாள் இப்படியே ஓடியது. ஒன்பதாம் நாள் ஹாஜியார் கல்யாணமொன்றுக்குக் கொழும்பு போய்விட்டார். வாய்க்காலடியில் இருவரும் மண்வெட்டியோடு நேருக்கு நேர் நின்றார்கள். செய்தி காவ ஆளில்லை. வேறு வழியின்றி வாயைத் திறந்தார்கள்.

"வெட்டி எடுக்கத் தெரியும் எண்டீங்களாமே, தம்பி?"

"நான் எங்க காக்கா அப்பிடிச் சொன்ன? கேட்டுப் பாருங்க எண்டுதான் சொன்ன."

நண்பகல் ளுஹர் பாங்குக்கு முன் விஷயம் முடிந்தது. ஒருநாள் உனக்கு, ஒருநாள் எனக்கு. இருவருக்கும் போதாதுதான், ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் வினோஜின் பாதி வயல் சப்பியாகியிருந்தது.

ஹாஜியார் திரும்பி வந்து, "நான் கதைச்சு வச்சதாலதான் வெட்டுக்குத்து இல்லாம முடிஞ்ச" என்றார்.

இந்தப் போகமும் தண்ணீர் குறைவு. முகைதீன்பாவா யாரை அழைத்தார் என்கிறீர்கள்? "நேர கேட்க ஒரு மாதிரி இருக்கு" என்று ஹாஜியாரைத்தான். வினோஜும் அவரைத்தான்.

வாசகரே, சிரிக்கிறீர்கள். வாசிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் வந்திருக்கும். நாளைக்கே அவரிடம் போய், "உங்களப் பத்தித்தான் ஒராள் எழுதியிருக்கார்" என்று சொல்லவும் உத்தேசித்திருப்பீர்கள்.

நான் அப்படிச் சொன்னேனா?