ஃபெயிலான பாத்ரூம்

தாம்பரத்தில் மார்க் டீச்சரிடம் மார்க் வாங்காமல் தப்பித்தது எதுவுமே கிடையாது. மனுஷர், மாடு, மழை, மின்சார ரயில், மாப்பிள்ளை ஊர்வலம், எதைப் பார்த்தாலும் நூற்றுக்கு இத்தனை என்று போட்டுவிடுவார். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். எழுபதைத் தொட்டவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பது வயசு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த வரன்கள் எல்லாம் இருபதுக்குக் கீழே வாங்கிவிட்டதாகத் தெருவில் ஒரு வதந்தி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் பாதிரியாரிடம், "நாப்பத்திரண்டு. போன வாரத்துக்கு இது தேவலை" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடப்பார். அந்தப் பாதிரியார் சனிக்கிழமைகளில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி.

எழுபதுகளின் ஆரம்பத்தில், கல்யாணமான புதிதில், நானும் என் மனைவி சரோஜாவும் மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டு முன் போர்ஷனுக்குக் குடிபோனோம். வீடு கேட்டுப் போன அன்றே என்னை ஏற இறங்கப் பார்த்து முப்பது போட்டார். சரோஜாவுக்கு ஐம்பத்தைந்து. "ஆவரேஜ் பாத்தா பாஸ்தான். வந்துடுங்க தம்பி" என்றார். அப்படித்தான் எங்களுக்கு அந்த வீடு கிடைத்தது.

வீட்டில் எல்லாம் வசதி. ஒரே குறை, இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே ஒரு குளிக்கிற அறை. இரண்டு பேர் உள்ளே நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். சிமெண்ட் தரை. அதன் மேல் வருஷக்கணக்காக வளர்ந்த பச்சைப் பாசி. அந்தத் தரையில் நிற்பதற்கு எனக்கு ஒரு தனி நடையே வந்திருந்தது. ஆபீசில் கூட அப்படித்தான் நடக்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

சரோஜாவுக்கு ஐந்தாம் மாசம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் பின்னாலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். நான் ஓடுவதற்குள் டீச்சர் அங்கே இருந்தார். சரோஜா வழுக்கி, எப்படியோ குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள். அடி எதுவும் இல்லை. ஆனாலும் உடனே லேடி டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். முந்தின வருஷம் ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது எங்களுக்கு. டீச்சருக்கும் அது தெரியும்.

டீச்சர் சரோஜாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்க வைத்தார். லேடி டாக்டர் வந்து பார்த்துப் பயமில்லை என்று சொல்லும்வரை அறையை விட்டு நகரவில்லை. பிறகு திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, பாத்ரூம் தரையைக் கால் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"ஃபெயில்" என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் பம்மலிலிருந்து கோதண்டம் மேஸ்திரி கடப்பாறையோடு வந்து தரையை உடைக்க ஆரம்பித்தார். நான் கிணற்றடியில் குளித்தேன். பெண்கள் இருவரும் பக்கத்து வீட்டில். அங்கே டீச்சர் முதல் நாளே அவர்கள் பாத்ரூமுக்கு நாற்பத்தொன்று போட்டுவிட்டதால் கொஞ்சம் மனஸ்தாபம்.

அந்தச் சனிக்கிழமை டைல்ஸ் எடுக்க என்னைப் பல்லாவரத்துக்குக் கூட்டிப்போனார். என் அபிப்பிராயம் கேட்கத்தான் அழைக்கிறார் என்று நினைத்து சலவை செய்த பேண்ட் போட்டுக்கொண்டு போனேன். அது தப்பு.

மெயின் ரோட்டில் ஒரு பாயின் டைல்ஸ் கடை. பாய் மரியாதையாக நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, ரோஸ் கலரில் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு டைல்ஸை எடுத்துத் துடைத்துக் காட்டினார். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"டீச்சரம்மா, இது புது டிசைன். மெட்ராஸ்ல பெரிய பெரிய வீடுங்கள்ல எல்லாம் தரைக்கு இதுதான் போகுது."

"பெரிய வீட்டுல விழுந்தா தூக்குறதுக்கு ஆள் இருக்கும் பாய்" என்ற டீச்சர், கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீரும் இன்னொரு பாட்டிலில் தேங்காய் எண்ணெயும் எடுத்து வைத்தார். கடைத் தரையில் நாலு டைல்ஸைச் சேர்த்துப் போடச் சொன்னார். இரண்டையும் அதன்மேல் ஊற்றினார். என் பக்கம் திரும்பினார்.

"செருப்பைக் கழட்டுங்க தம்பி. மேல ஏறி நில்லுங்க."

ஏறினேன். நிற்கவில்லை. பாய் மட்டும் கையை நீட்டிப் பிடித்திருக்காவிட்டால் பக்கத்தில் அடுக்கியிருந்த வெஸ்டர்ன் க்ளோசெட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருப்பேன். ரோஸ் ஃபெயில். அடுத்தது நீலம். நீலத்தில் பேண்ட் முழங்காலில் கிழிந்தது. பிஸ்தா பச்சையில் நான் வழுக்கிய தூரத்தைப் பார்த்துவிட்டு, ரோட்டில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. எதிரே நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்டென்டும் பல்லாவரத்தில்தான் குடியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கடைசியில் பாய் வேறு வழியில்லாமல், யாரும் கேட்காமல் மூலையில் கிடந்த சொரசொரப்பான சிவப்பு டைல்ஸைக் கொண்டுவந்து போட்டார். பளபளப்பே இல்லை. பிஸ்கோத்து மாதிரி இருந்தது. ஏறினேன். நின்றேன். டீச்சர் நடக்கச் சொன்னார், நடந்தேன். குதிக்கச் சொன்னார், குதித்தேன். கூட்டம் கைதட்டியது. பாய்க்கே ஆசை வந்து அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிக் குதித்துப் பார்த்தார்.

டைல்ஸுக்கு அறுபத்தைந்து. பாயின் பொறுமைக்கு அறுபது. பாய் அதைப் பல வருஷம் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

தரை முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் வருகிற சந்து வந்து நின்றது. அதை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்றார் கோதண்டம். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. பாசி முதலில் அட்மிஷன் வாங்குவது சந்தில்தான் என்பது அவர் கட்சி. எந்தக் கலவை உதிராது, எந்தக் கலர் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் என்று பார்த்துத்தான் போடவேண்டும் என்றார். அழுக்கை மறைக்கிற கலர் வேண்டாமாம், தெரிந்தால்தானே தேய்ப்போம்.

"டீச்சரு, இது பாத்ரூமு. நீங்க இன்னாமோ தாஜ்மகால் கட்டிகினு கீறா மாதிரி பேஜார் பண்றீங்களே" என்றார் கோதண்டம்.

அவருக்கு முப்பத்தாறு விழுந்தது. ஆனாலும் ஒயிட் சிமெண்டில் கலர் பொடிகளைக் கலந்து, விதவிதமாகச் சின்னச் சின்ன வில்லைகள் பிடித்து, மொட்டை மாடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து அதில் வரிசையாகக் காயவைத்தார்.

அந்தச் சமயம் பார்த்து என் மாமியார் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். அவர்கள் ஊரில் நல்ல ஆஸ்பத்திரி கிடையாது என்பதால் பிரசவம் இங்கேயே என்று முடிவாகியிருந்தது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷி. மாடிக்குப் போனவர் வெள்ளையும் மஞ்சளும் பச்சையுமாக வேட்டியில் காய்வதைப் பார்த்தார். பட்டணத்தில் வடாத்தைக்கூடக் கலர் கலராகப் போடுகிறார்கள் என்று அதிசயப்பட்டு, நாள் பூராவும் குடையைப் பிடித்துக்கொண்டு காக்கை விரட்டினார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அள்ளி டப்பாவில் போட்டு, டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு எல்லாருக்கும் பொரித்துக் கொடுக்கலாம் என்று வாணலியில் எண்ணெய் வைத்தார்.

நான் ஆபீசிலிருந்து வந்து நுழைந்தபோது மாமியார் கரண்டியும் கையுமாக வாணலியையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் கொதிக்கிறது. அடியில் ஒரு மஞ்சள் வில்லை அசையாமல் கிடக்கிறது.

"பொரியவே மாட்டேங்குதே மாப்பிள்ளை. அரிசி பழசோ?"

நான் அடுப்பை அணைக்கப் போவதற்குள் டீச்சர் வந்துவிட்டார். வாணலியை எட்டிப் பார்த்தார். கரண்டியை வாங்கி வில்லையை வெளியே எடுத்து, ஆறவைத்து, நகத்தால் கீறினார். அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினார். உடையவில்லை. நிறமும் போகவில்லை. டீச்சர் முகத்தில் நான் பார்த்திராத ஒரு மலர்ச்சி.

"அறுபத்தெட்டு" என்றார்.

சந்துக்கு அந்த மஞ்சளே முடிவாயிற்று. என் மாமியார் அந்த அறுபத்தெட்டு தன் கைமணத்துக்குத்தான் என்று கடைசிவரை நம்பினார். நாங்களும் சொல்லவில்லை.

மூன்றாவது விஷயம் வாஷ்பேசின். அதுவரை வாளிக்கு முன்னால் குனிந்துதான் எல்லாரும் முகம் கழுவினோம். வயிற்றுப்பிள்ளைக்காரி எப்படிக் குனிவாள் என்று டீச்சர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் யாரோ வெள்ளைக்காரம்மா விட்டுப்போன பழைய பத்திரிகையில் ஒரு படம் வைத்திருந்தார். மர அலமாரி, அதன் தலையில் பதித்த பேசின், மேலே கண்ணாடி. அதற்கு இங்கிலீஷில் வேனிட்டி என்று பெயராம். சர்ச்சில் அந்த வார்த்தைக்கு வீண்பெருமை, மாயை என்று அர்த்தம் சொல்லிக் கொடுத்திருந்ததால் டீச்சர் வாயால் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். "அந்த அலமாரி" என்றுதான் சொல்வார்.

கோதண்டத்தின் மச்சான் தச்சர். டீச்சர் கொடுத்த அளவுக்கு அங்குலம் பிசகாமல் தேக்கில் செய்து, மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். தெருவே வந்து பார்த்தது. நாலு பேர் தூக்கிப்போய்ப் பாத்ரூம் வாசலில் வைத்தார்கள். உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள். கதவைக் கழற்றி வைத்துவிட்டும் பார்த்தார்கள். டீச்சர் உள்ளே இருந்த இடத்துக்கு அளவெடுத்திருந்தார். வாசலுக்கு எடுக்கவில்லை.

தச்சர் பயந்துபோய் அளவில் தன் பிசகு ஏதும் இல்லை என்று ஆரம்பித்தார். டீச்சர் கையமர்த்தினார்.

"அளவு குடுத்தது நான். கணக்கு டீச்சர். எனக்கு முட்டை" என்றார். தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னார்.

அவர் யாருக்கும் முட்டை போட்டு நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. கூடியிருந்தவர்கள் மரியாதையாகக் கலைந்து போனார்கள். அலமாரியை அறுக்க அவருக்கு மனசு வரவில்லை. பாத்ரூமுக்கு வெளியே பின் வராந்தாவிலேயே சுவரோரமாக வைத்து, குழாயை இழுத்துக் கொடுத்தார் கோதண்டம். சரோஜா முதல் ஆளாக நிமிர்ந்து நின்றபடியே முகம் கழுவினாள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடி ஊருக்குப் பொதுவாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் பின்வாசல் வழியாக வந்து தலை சீவிக்கொண்டு போவார்கள். டீச்சர் ஜன்னலிலிருந்து வகிட்டுக்கு மார்க் சொல்வார்.

ஐப்பசி மழையில் எங்கள் மகள் பிறந்தாள். தாயும் சேயும் நலம். நாலு வருஷம் கழித்துச் செம்பாக்கத்தில் சொந்தமாக இரண்டு அறை கட்டிக்கொண்டு போனோம். டீச்சர் ரிட்டயரானதும் நாகர்கோவிலில் தம்பி வீட்டோடு போய்விட்டார்.

டீச்சரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் பல்லாவரத்தில் நான் குதித்த கதையைத்தான் கேட்பார்கள். எனக்கு ஞாபகத்துக்கு வருவது வேறு.

சரோஜாவுக்கு எட்டாம் மாசம். எனக்கு ஜுரம் என்று ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். காலையில் தற்செயலாகப் பின்பக்கம் போனால், மூடியிருந்த பாத்ரூம் கதவுக்கு நேரே ஸ்டூல் போட்டு டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பரீட்சைப் பேப்பர் கட்டு. பார்வை மட்டும் கதவின் மேல்.

"சரோஜா, இன்னைக்கு என்ன குழம்பு?"

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. "வத்தக்குழம்பு, டீச்சர்."

"நேத்து?"

"முருங்கைக்காய் சாம்பார்."

என்னைப் பார்த்ததும் டீச்சர் அவசரமாகப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டார். "இங்கதான் தம்பி வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். அன்றைக்கு வானம் முழுக்க மேகம் மூடியிருந்தது.

நான் உள்ளே வந்துவிட்டேன். சரோஜா தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் என்ன இது என்று கேட்டேன்.

"தினமும்தான். நீங்க ரயிலுக்குப் போனதும் ஸ்டூலைக் கொண்டாந்து போட்டுக்குவாங்க. தண்ணி சத்தம் கொஞ்சம் நின்னாலும் பதறி எழுந்துடுறாங்க. பாவமா இருக்கு. அதனால நான் குளிச்சு முடிச்சப்புறமும், புடவை கட்டி முடிக்கிற வரைக்கும், சும்மாவாவது தரையில தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பேன்."